பள்ளி வாசலோடு நின்ற தடை: இங்கிலாந்துப் பள்ளிகளின் கைப்பேசிக் கட்டுப்பாடும் மாணவர் மதிப்பெண்ணும் – ஒரு நிகழ்வு ஆய்வு

காலாண்டுத் தேர்வின் மதிப்பெண் பட்டியல் வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் பறிமுதலாவது கைப்பேசிதான். பெற்றோரின் அந்தக் கோபத்தில் நியாயம் எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று. கைப்பேசியில் மூழ்கிக் கிடப்பதால் மாணவர் பின்தங்குகிறாரா, ஏற்கெனவே பாடம் பிடிபடாமல் பின்தங்கியவர் அந்த வருத்தத்தை மறக்கக் கைப்பேசியில் மூழ்குகிறாரா என்ற கேள்விக்கு ஒரே வகுப்பறையை மட்டும் பார்த்து விடை சொல்ல இயலாது. ஒரே மாதிரியான பள்ளிகள் பல வேண்டும்; அவற்றுள் சில ஒரு கட்டத்தில் கைப்பேசியைத் தடுத்திருக்க வேண்டும், மற்றவை தடுக்காமல் இருந்திருக்க வேண்டும்; எல்லா மாணவரும் ஒரே பொதுத்தேர்வை எழுதியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் இவை மூன்றும் தற்செயலாகக் கூடிவந்தன. ஆகவேதான் இந்த ஆய்வுக்கு அந்நாட்டை எடுத்துக்கொண்டேன்.

அங்கே பள்ளிக்குள் கைப்பேசியை அனுமதிப்பதா வேண்டாமா என்பதை நீண்ட காலம் அந்தந்தப் பள்ளியின் தலைமையாசிரியரே முடிவு செய்துவந்தார். நாடு தழுவிய சட்டம் எதுவும் இல்லாததால் ஒரு பள்ளி 2004இல் தடை விதித்திருக்கும், அடுத்த தெருவில் உள்ள பள்ளி 2009 வரை விதிக்காமல் இருந்திருக்கும். இந்த ஏறுமாறான காலவரிசையை லூயி-பிலிப் பெலாண்ட், ரிச்சர்ட் மர்பி என்ற இரு பொருளியலாளர்கள் பயன்படுத்திக்கொண்டனர். பர்மிங்காம், லண்டன், லெஸ்டர், மான்செஸ்டர் ஆகிய நான்கு நகரங்களின் 91 பள்ளிகளிடம் எந்த ஆண்டு தடை வந்தது, எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டது, அதே ஆண்டில் தலைமையாசிரியர் மாற்றம் போன்ற வேறு மாறுதல்கள் ஏதும் நிகழ்ந்தனவா என்று கேட்டுப் பதிவுசெய்து, அந்த விவரங்களை 16 வயதில் மாணவர் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வின் முடிவுகளோடு பொருத்திப் பார்த்தனர். மாணவர் எண்ணிக்கை 1,30,000ஐத் தாண்டியது. ஒவ்வொரு மாணவரும் 11 வயதில் எழுதிய தேர்வின் மதிப்பெண்ணும் கையில் இருந்தபடியால், யார் முன்பே நன்றாகப் படித்தவர், யார் முன்பே திணறியவர் என்பதும் தெரிந்திருந்தது. லண்டன் பொருளியல் பள்ளியின் ஆய்வு மையம் ஒன்றின் வழியாக 2015 மே மாதம் வெளியான அந்த ஆய்வு, மறு ஆண்டு ஆய்விதழிலும் வந்தது.

தடைக்குப் பிறகு மதிப்பெண் சராசரியாக 6.41 விழுக்காடு உயர்ந்தது என்று செய்திகள் பரவின. அப்படிச் சொன்னது தவறு. அந்தத் தவறு இன்றுவரை மேடைகளில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஆய்வு சொன்னது திட்டவிலக்கத்தில் 6.41 விழுக்காடு. திட்டவிலக்கம் என்பது மாணவர்களின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எந்த அளவுக்குச் சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவு. நம் பத்தாம் வகுப்புக் கணக்கில் சொல்வதானால், 500 மதிப்பெண் தேர்வில் திட்டவிலக்கம் 80 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், தடையால் கிடைத்த சராசரி உயர்வு 5 மதிப்பெண் அளவில்தான் இருக்கும். கைப்பேசியைப் பிடுங்கினால் மாநில முதலிடம் என்று கனவு காண்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆயினும் செலவே இல்லாத ஒரு நடவடிக்கைக்கு 5 மதிப்பெண் என்பது அற்பமில்லை. ஆண்டுக்கு ஐந்து பள்ளி நாட்கள் கூடுதலாகக் கிடைத்ததற்கு அது ஒப்பாகும் என்று ஆய்வாளர்களே மதிப்பிட்டனர்.

சராசரியைக் காட்டிலும் பெரிய செய்தி அதைப் பிரித்துப் பார்த்தபோது வெளிப்பட்டது. 11 வயதுத் தேர்வில் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் இருந்த மாணவர்களுக்கு உயர்வு திட்டவிலக்கத்தில் 14.23 விழுக்காடு, அதாவது சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். முதல் ஐந்தில் ஒரு பங்கில் இருந்தவர்களுக்கோ தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறுபாடே இல்லை. விதியை ஏட்டில் எழுதிவிட்டு விட்டுவிட்ட பள்ளிகளைவிட, உண்மையிலேயே கடைப்பிடித்த பள்ளிகளில் பலன் கூடுதலாகக் கிடைத்தது.

நன்றாகப் படிக்கும் மாணவருக்கு மனவுறுதி அதிகம், மற்றவருக்குக் குறைவு என்று இதற்கு நீதி சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 12, கூட்டினால் 7 வருகின்ற இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சி மிகுந்த மாணவர் பார்த்தவுடன் 3, 4 என்று எழுதிவிடுவார். அவருக்கு அது பெருக்கல் வாய்ப்பாடு போல நினைவிலேயே படிந்துபோன ஒன்று. மெல்லக் கற்கும் மாணவரோ 1, 12 என்று பார்த்து, கூட்டி, 13 வருவதால் விட்டு, 2, 6 என்று பார்த்து, கூட்டி, 8 வருவதால் விட்டு, இதற்கிடையில் குறி கூட்டலா கழித்தலா என்பதையும் மறக்காமல் மனத்தில் பிடித்துக்கொண்டு நகர்கிறார். இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே பையில் இருக்கும் கைப்பேசி ஒருமுறை அதிர்கிறது. அவர் அதை எடுக்கக்கூட வேண்டியதில்லை. யாராக இருக்கும் என்று ஒரு கணம் எண்ணினால் போதும், பிடித்து வைத்திருந்த எண்கள் நழுவிவிடும், கணக்கு மறுபடி 1, 12இலிருந்து தொடங்கும். முதல் மாணவருக்கும் அதே அதிர்வு கேட்கிறது. ஆனால் அவர் நழுவவிட எதுவுமில்லை, விடையை எழுதி முடித்துவிட்டார். குணத்தை இழுக்காமல், பாடம் எந்த அளவுக்குப் பழகியிருக்கிறது என்பதைக் கொண்டே இந்த ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொள்ள முடியும்.

அடுத்தவர் கைப்பேசியும் இந்தக் கணக்கில் சேரும். பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பிசா தேர்வு 2022இல் நடந்தபோது, அதை நடத்தும் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் உறுப்பு நாடுகளில் மாணவர்களிடம் கணித வகுப்பில் கவனம் சிதறுவதைப் பற்றிக் கேட்கப்பட்டது. ஒரு சில வகுப்புகளிலேனும் மின்னணுக் கருவிகளால் தம் கவனம் சிதறுவதாகச் சராசரியாக 65 விழுக்காட்டினர் கூறினர்; மற்ற மாணவர்களின் கருவிகளால் சிதறுவதாக 59 விழுக்காட்டினர் கூறினர். பிறர் கருவியால் கவனம் சிதறியதாகச் சொன்னவர்கள், குடும்ப வசதி வேறுபாட்டைக் கழித்துப் பார்த்த பிறகும், கணிதத்தில் ஏறத்தாழ 15 புள்ளிகள் குறைவாகப் பெற்றிருந்தனர். கைப்பேசியே இல்லாத பிள்ளையும் பக்கத்து மேசையின் திரைக்கு விலை கொடுக்கிறது என்பதால், இதை ஒரு குடும்பத்தின் கண்டிப்பு மட்டும் தீர்த்துவிடாது.

இங்கே இந்த ஆய்வின் ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். பெலாண்ட், மர்பி ஆய்வுக்குள் வரும் தேர்வுகள் 2001 முதல் 2013 வரையிலானவை. அந்தக் காலத்தின் முற்பாதியில் மாணவர் பையில் இருந்தது பொத்தான் வைத்த கைப்பேசி. குறுஞ்செய்தியும் பாம்பு விளையாட்டுமே அதன் பெரிய கவர்ச்சிகள். ஐபோன் பிரிட்டனில் விற்பனைக்கு வந்ததே 2007இன் கடைசியில். இன்ஸ்டாகிராம் பிறந்தது 2010இல். ஆகவே இந்த ஆய்வைச் சமூக ஊடகத்துக்கு எதிரான சாட்சியாக நேரடியாக நிறுத்துவது பொருந்தாது. வகுப்பறையில் கவனம் சிதறுவதற்கு என்ன விலை என்பதைத்தான் அது அளந்தது. குறுஞ்செய்திக்கே அந்த விலை என்றால் முடிவில்லாமல் ஓடும் ரீல்ஸுக்கு இன்னும் கூடுதலாகத்தானே இருக்கும் என்று தோன்றும். அந்த ஊகம் எவ்வளவு தாங்கும் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் சோதித்தன.

சுவீடனில் இதே முறையைப் பின்பற்றி 2020இல் வெளியான ஆய்வில் தடையால் மதிப்பெண்ணில் எந்த மாற்றமும் தென்படவில்லை. மெல்லக் கற்போருக்கும் பலன் இல்லை. நார்வேயின் நடுநிலைப் பள்ளிகளைப் பற்றிச் சாரா ஆப்ரஹாம்சன் 2024இல் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகப் பேசியது. அங்கே ஸ்மார்ட்போன் தடைக்குப் பின் மாணவிகளின் மதிப்பெண் உயர்ந்தது, மனநலச் சிகிச்சைக்காக அவர்கள் மருத்துவரிடம் செல்வது குறைந்தது, மாணவர், மாணவியர் இருவரிடையிலும் கேலி, மிரட்டல் குறைந்தன. வசதி குறைந்த குடும்பத்து மாணவிகளுக்கு மதிப்பெண் பலன் கூடுதலாக இருந்தது. மாணவர்களின் மதிப்பெண்ணில் அத்தகைய மாற்றம் இல்லை. நார்வே ஆய்வு ஸ்மார்ட்போன் காலத்தைச் சேர்ந்தது என்பதால் சமூக ஊடகத்தின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது. வகுப்பு நேரத்தில் கைக்கெட்டாமல் போனது கருவி மட்டுமன்று. யார் யாரைப் பற்றி என்ன பதிவிட்டார்கள் என்ற அன்றாடப் பதற்றமும் சில மணி நேரம் எட்டாமல் போனது. பதின்பருவப் பெண்பிள்ளைகள் அந்தப் பதற்றத்தை அதிகம் சுமக்கிறார்கள் என்பது பள்ளியில் வேலை செய்பவர்களுக்குப் புதிய செய்தி இல்லை.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் விக்டோரியா குட்இயர் தலைமையிலான குழு, 30 பள்ளிகளைச் சேர்ந்த 12 முதல் 15 வயது வரையிலான 1,227 மாணவர்களை ஆராய்ந்து 2025 பிப்ரவரியில் முடிவுகளை வெளியிட்டது. அவற்றுள் 20 பள்ளிகளில் பொழுதுபோக்குக்காகக் கைப்பேசியைப் பயன்படுத்தத் தடை இருந்தது. 10 பள்ளிகளில் இடைவேளையிலோ குறிப்பிட்ட இடங்களிலோ அனுமதி இருந்தது. இரு வகைப் பள்ளிகளின் மாணவர்களுக்கிடையே மனநலத்தில் வேறுபாடு இல்லை. தூக்கத்தில் இல்லை. வகுப்பறை நடத்தையில் இல்லை. ஆங்கிலம், கணிதம் ஆகிய பாடங்களின் தேர்ச்சி நிலையிலும் இல்லை. பத்தாண்டுகளுக்கு முன் தடையின் வெற்றியைக் கொண்டாடிய நாட்டில் இது குளிர்ந்த நீரை ஊற்றியது போல் இருந்தது. தடை வீண் என்று ஒரு தரப்பு உடனே முடிவு கட்டியது.

அவர்கள் அந்த ஆய்வின் மறுபாதியைப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன். தடைப் பள்ளிகளின் மாணவர்கள் பள்ளி நேரத்தில் கைப்பேசியைச் சுமார் 40 நிமிடமும், சமூக ஊடகத்தைச் சுமார் 30 நிமிடமும் குறைவாகப் பயன்படுத்தினர். ஆனால் நாள் முழுவதற்கும் வாரம் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தபோது இரு தரப்பின் மொத்த நேரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதே ஆய்வில், எந்த வகைப் பள்ளியில் படித்தாலும் சரி, கைப்பேசியிலும் சமூக ஊடகத்திலும் அதிக நேரம் செலவிட்ட மாணவர்களிடம் மனநலம் குன்றியிருந்தது, தூக்கம் குறைந்திருந்தது, உடலுழைப்பு குறைந்திருந்தது, வகுப்பறை நடத்தையும் தேர்ச்சியும் தாழ்ந்திருந்தன. மதிப்பெண்ணோடு தொடர்புடையது மொத்த நேரம். பள்ளித் தடை அந்த மொத்தத்தில் ஒரு சிறு துண்டைத்தான் தொட்டது.

இரண்டு இங்கிலாந்து ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவை ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2000களின் தொடக்கத்தில் கைப்பேசி என்பது பெரும்பாலும் பகல்நேரத் தொல்லை. நண்பர்கள் விழித்திருக்கும்போது மட்டுமே குறுஞ்செய்தி வரும், அதற்கும் காசு செலவாகும். பள்ளி நேரத்தை மூடினால் தொல்லையின் பெரும்பகுதி மூடப்பட்டுவிடும். இன்றைய சமூக ஊடகத்துக்கு நண்பர் விழித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த காணொளியைக் கணினி நிரல் தேர்ந்து தருகிறது. அது தீர்ந்துபோவதில்லை, பிள்ளை எந்த நொடியில் விரலை நிறுத்தியது என்பதையும் அது பார்த்துக்கொள்கிறது. பகலில் மூடிய கணக்கு இரவில் திறக்கிறது. அத்துடன், இங்கிலாந்தில் இன்று ஒப்பிட்டுப் பார்க்கத் தடையே இல்லாத பள்ளிகள் அரிதாகிவிட்டன. 2024 பிப்ரவரியில் அரசு வழிகாட்டுதல் வந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் பத்தில் ஒன்பது பங்கு ஏதோ ஒரு கட்டுப்பாட்டை வைத்திருப்பதாக 2025இல் சிறார் ஆணையர் நடத்திய கணக்கெடுப்பு காட்டியது. ஆகவே 2025 ஆய்வு ஒப்பிட்டது கடுமையான கட்டுப்பாட்டையும் தளர்ந்த கட்டுப்பாட்டையும்தான். கட்டுப்பாட்டையும் கட்டவிழ்ந்த நிலையையும் அது ஒப்பிடவில்லை.

மீதி இருப்பது இரவு. 13 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பதின்பருவத்தில் உடலின் கடிகாரம் இயல்பாகவே சற்றுத் தள்ளிப்போகிறது. பத்து மணிக்குப் படுத்தாலும் உறக்கம் பிடிக்கப் பதினொன்று ஆகும். அந்த ஒரு மணி நேர இடைவெளியில்தான் கைப்பேசி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பதினொன்றுக்கு வரவேண்டிய உறக்கம் பன்னிரண்டரைக்கு வருகிறது. காலையில் பேருந்துக்கான நேரம் மாறுவதில்லை. பகலில் படித்தது நினைவில் ஊன்றிப் பதிவதற்குத் தூக்கம் தேவை என்பது நரம்பியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆகவே இரவில் இழக்கும் ஒன்றரை மணி நேரம் மறுநாள் முதல் பாடவேளையைக் கெடுப்பதோடு முந்தைய நாள் படித்ததையும் சேர்த்தே அரிக்கிறது. முதல் பாடவேளையில் கன்னத்தில் கைவைத்துக் கண்ணைத் திறந்தபடி உறங்கும் பிள்ளையின் பையைச் சோதித்தால் கைப்பேசி கிடைக்காது. அது வீட்டில் மின்னூட்டத்தில் இருக்கும்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்வி இன்னும் முழுமையாகத் தீரவில்லை. 2025 ஆய்வு காட்டியது ஒட்டுறவு. அதிகம் பார்ப்பவர் குறைவாக மதிப்பெண் பெறுகிறார் என்பதால் பார்ப்பதே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அறிவியல் பாடம் ஆறாம் வகுப்பிலிருந்தே பிடிபடாத ஒரு பிள்ளை, பத்தாம் வகுப்பில் புத்தகத்தைத் திறந்ததும் எதிர்கொள்வது அவமானம். கைப்பேசியைத் திறந்ததும் கிடைப்பது சிரிப்பு. அந்தப் பிள்ளையிடமிருந்து கைப்பேசியை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அவமானம்தான், படிப்பு ஆகிவிடாது. காரணமும் விளைவும் இருபுறமும் ஓடும் இத்தகைய சுழலில், பெலாண்ட், மர்பி ஆய்வின் அந்த 14.23 விழுக்காட்டுக்கு எடை அதிகம் என்று கருதுகிறேன். ஏனெனில் அங்கே பிள்ளைகள் தாமாக மாறவில்லை. பள்ளி விதி மாறியது, கடைசி வரிசை முன்னேறியது. ஒரு பகுதியேனும் காரணம் கவனச்சிதறலின் பக்கம் இருக்கிறது என்பதற்கு அது சான்று.

இந்த இங்கிலாந்து அனுபவத்தை அப்படியே இந்தியக் கிராமப்புறத்துக்குத் தூக்கி வரவும் முடியாது. கல்வித் தொண்டு நிறுவனமான பிரதம், கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை அறிய நடத்தும் ஏசர் கணக்கெடுப்பின் 2024 முடிவுகளின்படி, கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயது வரையிலானவர்களில் 82.2 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும். அவர்களுள் முந்தைய ஒரு வாரத்தில் அதைப் படிப்பு தொடர்பாகப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. ஆனால் பயன்படுத்தத் தெரிந்தவர்களிலேயே சொந்தக் கைப்பேசி வைத்திருப்பவர்கள் 14 வயதில் 27 விழுக்காடும் 16 வயதில் 37.8 விழுக்காடும்தான். மாணவர்களைவிட மாணவிகளிடம் சொந்தக் கைப்பேசி குறைவு. பெரும்பாலான பிள்ளைகளின் கையில் இருப்பது அப்பாவின் கைப்பேசி, அல்லது அண்ணனின் கைப்பேசி. அது அவர்களோடு பள்ளிக்கு வருவதில்லை. அப்பா வேலை முடிந்து வீடு திரும்பும் மாலையில்தான் அது பிள்ளையின் கைக்கு வருகிறது, அதுவும் வீட்டுப்பாடம் செய்ய வேண்டிய அதே நேரத்தில். பள்ளி வாசலில் தடை போடுவது இங்கே இங்கிலாந்தில் செய்ததைவிடவும் குறைவாகவே செய்யும்.

அந்த 57 விழுக்காட்டையும் மறக்கலாகாது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது வகுப்பு ஆசிரியரின் வாட்ஸ்அப் குழுதான் பல பிள்ளைகளுக்குப் பள்ளியாக இருந்தது. அந்தக் குழுக்கள் பள்ளி திறந்த பிறகும் கலைக்கப்படவில்லை. இன்றும் வீட்டுப்பாடம் அதில்தான் வருகிறது, தேர்வு அட்டவணை அதில்தான் வருகிறது. பாடத்தைப் பார்க்கக் கைப்பேசியை எடுத்த பிள்ளையின் விரலுக்கு ரீல்ஸ் அரை அங்குலத் தொலைவில் இருக்கிறது. கைப்பேசியே கூடாது என்று காலையில் அறிவுரை சொல்லிவிட்டு, இரவு எட்டு மணிக்கு வீட்டுப்பாடத்தைக் குழுவில் அனுப்புகின்ற பள்ளி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பெற்றோர் கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்வது கடினம். வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதி, நோட்டில் குறித்துக்கொள்ளச் செய்தால் இந்த முரண்பாட்டின் பாதி தீரும். அதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டோர் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதையே தடுத்திருக்கிறது. கணக்குகளைத் தடுக்கும் பொறுப்பைப் பெற்றோர் மீதோ பிள்ளைகள் மீதோ சுமத்தாமல் நிறுவனங்கள் மீது சுமத்தியிருக்கிறது. பகலையும் இரவையும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவரும் முயற்சி என்ற அளவில் இங்கிலாந்து ஆய்வுகளின் தொடர்ச்சியாகவே இதைப் படிக்கலாம். அது மதிப்பெண்ணில் என்ன செய்யும் என்று அறிய அங்கே இரண்டு மூன்று பொதுத்தேர்வுகளாவது கடக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டின் ஏசர் கணக்கெடுப்பில் 14 முதல் 18 வயது வரையிலான இளையோரிடம் ஒரு ஸ்மார்ட்போனைக் கொண்டுவரச் சொல்லி, அதில் செய்யச் சொன்ன வேலைகளுள் ஒன்று குறிப்பிட்ட நேரத்துக்கு அலாரம் வைப்பது. கொண்டுவர முடிந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அளவுக்கு அதைச் சரியாகச் செய்தனர். கைப்பேசி ஏன் தலையணைக்கு அடியில் இருக்கிறது என்று ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதிலும் அதுதான்: விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து படிக்க அலாரம் வைத்திருக்கிறேன். பதில் பொய்யில்லை. ஆனால் அலாரம் வைப்பதற்காகத் திறந்த திரை எத்தனை மணிக்கு அணைந்தது என்பதைக் கேட்க வேண்டிய இடம் வீடு. அந்தக் கேள்வியைக் கேட்க விரும்பும் பெற்றோர், கடைத்தெருவில் முள் வைத்த அலாரக் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்கலாம்.